‘சி டிரைவ்ல ஏதாவது வேணுமா?’

கணினியை ஃபார்மட் போடக் கொடுக்கும்போது, சென்னை ரிச்சி தெருவானாலும் சிற்றூர்க் கடைவீதியானாலும், கடைக்காரர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “சி டிரைவ்ல ஏதாவது வேணுமா?” கொண்டுவந்தவர் சற்று யோசிப்பார். டெஸ்க்டாப்பில் கிடக்கும் போட்டோக்கள், டாக்குமெண்ட்ஸில் இருக்கும் விண்ணப்பங்கள், கடைக் கணக்கு, பிள்ளையின் பிராஜெக்ட் என்று நினைவுக்கு வருவதையெல்லாம் சொல்வார். அவை ஒரு பென் டிரைவுக்குப் போகும். “டி டிரைவ் அப்படியே இருக்கும், பயப்படாதீங்க” என்ற உறுதியும் கிடைக்கும். பிறகு சி டிரைவைத் துடைத்துவிட்டுப் புது விண்டோஸ் ஏற்றுவார்கள். மாலையில் வீடு திரும்பிய கணினியில் பிள்ளை தன் கேமைத் திறக்கும். கேம் டி டிரைவில் பத்திரமாகத்தான் இருக்கிறது, திறக்கவும் செய்கிறது. ஆனால், விட்ட இடத்திலிருந்து தொடர வழி இல்லை. ‘புதிய ஆட்டம்’ என்ற ஒற்றை வரிதான் திரையில் நிற்கிறது. ஆறு மாதம் ஆடிச் சேர்த்தது அத்தனையும் சி டிரைவோடு போய்விட்டது. கடைக்காரர் கேட்க வேண்டியதைக் கேட்டார். உரிமையாளர் தெரிந்ததைச் சொன்னார். இருவர் மீதும் குறை சொல்ல முடியாது. குறை, கேம்களும் இயங்குதளமும் சேர்ந்து உருவாக்கி வைத்திருக்கும் ஏற்பாட்டில் இருக்கிறது.

இதை இப்போது பேச வேண்டிய காரணம் இருக்கிறது. 2015 ஜூலையில் வெளியான விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழங்கிவந்த வழக்கமான இலவசப் பராமரிப்பு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. அதற்குப் பிறகு பழைய கணினி வைத்திருப்பவர்கள் விண்டோஸ் 11-க்கு மாறுகிறார்கள், அல்லது அந்தக் கணினி அதற்குத் தகுதிபெறாமல் லினக்ஸ் பக்கம் போகிறார்கள், அல்லது புதுக் கணினி வாங்குகிறார்கள். எந்த வழியில் போனாலும் பழைய வட்டில் இருப்பதில் எதைக் காப்பாற்றுவது, எதை விடுவது என்ற முடிவை ஒருநாள் எடுத்தே ஆக வேண்டும். இருக்கும் விண்டோஸின் மேலேயே புதியதை ஏற்றினால், பழையது ‘விண்டோஸ்.ஓல்டு’ என்ற ஃபோல்டரில் ஒதுங்கி நிற்கும். பத்து நாள் கழிந்ததும் தானாகவே அழிந்துவிடும். துடைத்துவிட்டு ஏற்றினால் அந்தப் பத்து நாள் தவணைகூட இல்லை. இந்த நேரத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒருவர் ஆடிச் சேர்த்த ஆட்டப்பதிவு அவருடைய உடைமை. அவர் எழுதிய கடிதத்துக்கும் எடுத்த படத்துக்கும் இருக்கும் மதிப்பு அதற்கும் உண்டு. அதைக் காக்கும் முதல் பொறுப்பு, அதை எங்கே வைப்பது என்று அவரைக் கேட்காமலே முடிவெடுத்தவர்களுக்கு உரியது.

இதைப் புரிந்துகொள்ள, ‘கேம் ஃபைல்’ என்று பொதுவாகச் சொல்லும் பேச்சுக்குள் இரண்டு வெவ்வேறு பொருள்கள் இருப்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, கேம். படங்கள், ஒலிகள், நிரல் எல்லாம் சேர்ந்த பெரிய மூட்டை அது. ‘பால்டர்ஸ் கேட் 3’, ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ ஆகிய இரண்டும் தலைக்கு 150 ஜிபி இடம் கேட்கின்றன. விநாடிக்கு 40 மெகாபிட் வேகமுள்ள வீட்டு இணைப்பில் 150 ஜிபியை இறக்க, வேகம் சற்றும் குறையாமல் இருந்தாலே எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாளுக்கு 2 ஜிபி தரும் மொபைல் பேக்கை மட்டும் நம்பியிருப்பவருக்கு 75 நாள். எனவே, பெரிய மூட்டையைக் காப்பதும் நம் ஊர் நிலைமைக்குத் தேவையான வேலைதான். நல்லவேளையாக அதற்கு வழி இருக்கிறது. ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கிய கேம்களை டி டிரைவில் வைத்திருந்தால், புது விண்டோஸில் ஸ்டீமை மறுபடி நிறுவிப் பழைய ஃபோல்டரைக் காட்டினால் போதும். அது இருப்பதைச் சரிபார்த்துக்கொண்டு, விடுபட்டதை மட்டும் இறக்கிக்கொள்ளும். அப்படியே எல்லாம் அழிந்தாலும் கடைசியில் செலவாவது நேரமும் டேட்டாவும்தான். கேம் கடையில் இருக்கும்வரை அதைத் திரும்பப் பெறலாம். இரண்டாவது பொருள், ஆடுகிறவர்கள் ‘சேவ் ஃபைல்’ என்று சொல்லும் ஆட்டப்பதிவு. அளவில் சில கிலோபைட் முதல் சில மெகாபைட்தான் இருக்கும். தனியாக நகலெடுத்து வைக்காதவரை உலகத்தில் அதற்கு ஒரே பிரதிதான் உண்டு. அதை இறக்கிக்கொள்ள எந்தக் கடையும் கிடையாது.

அந்தச் சின்னக் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. 2016-இல் வெளியான ‘ஸ்டார்டியூ வேலி’ என்ற விவசாய விளையாட்டு அதற்கு வசதியானது. அதன் பதிவு சாதாரண எழுத்துக் கோப்பு என்பதால் நோட்பேடிலேயே திறந்துவிடும். ஆடுகிறவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர், பண்ணைக்குச் சூட்டிய பெயர், கையில் இருக்கும் காசு, எந்தப் பருவத்தின் எத்தனையாவது நாள், எந்தக் கட்டத்தில் எந்தப் பயிர் எவ்வளவு வளர்ந்திருக்கிறது, ஊராரில் யாரோடு எவ்வளவு நட்பு என்பதெல்லாம் வரிவரியாக இருக்கும். அந்த விளையாட்டில் ஒரு நாள் என்பது நம் கடிகாரத்தில் சுமார் 14 நிமிடம். 28 நாள் கொண்ட பருவங்கள் நான்கு சேர்ந்தால் ஓர் ஆண்டு. அதாவது 112 நாள். முழு நாளும் ஆடினால் ஓர் ஆண்டைக் கடக்க ஏறக்குறைய 26 மணி நேரம் ஆகும். மூன்று ஆண்டு பண்ணை நடத்தியவர் 78 மணி நேரத்தை அந்தக் கோப்பில் வைத்திருக்கிறார். வேலைக்குப் போய்வந்து தினமும் ஒரு மணி நேரம் மட்டும் ஆடுகிறவருக்கு அது இரண்டரை மாத மாலைப் பொழுதுகள். எந்த விதையை எப்போது ஊன்றுவது, சேர்த்த காசில் மாடு வாங்குவதா கொட்டகையைப் பெரிதாக்குவதா என்று அவர் எடுத்த ஒவ்வொரு முடிவும் அதில் பதிந்திருக்கிறது. கேமை எழுதியவர் வேறொருவர்தான். இந்தக் கோப்பை எழுதியவர் ஆடியவர்.

இவ்வளவு மதிப்புள்ள கோப்பு எங்கே இருக்கிறது? இதே ஸ்டார்டியூ வேலி, சி டிரைவில் பயனரின் பெயருள்ள ஃபோல்டருக்குள் ‘ஆப்டேட்டா’ என்ற இடத்தில் ‘ரோமிங்’ என்ற உட்பிரிவில் வைக்கிறது. ‘ஹாலோ நைட்’ அதே ஆப்டேட்டாவில் ‘லோக்கல்லோ’ என்ற வேறொரு மூலையில் வைக்கிறது. ‘ஸ்கைரிம்’ டாக்குமெண்ட்ஸுக்குள் ‘மை கேம்ஸ்’ என்ற ஃபோல்டரைத் திறந்து அங்கே வைக்கிறது. நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் ஒரு தலைமுறையே ஆடித் தீர்த்த ‘ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்’ டாக்குமெண்ட்ஸில் தன் பெயரிலேயே தனி ஃபோல்டர் போட்டுக்கொள்கிறது. ‘சைபர்பங்க் 2077’ போவது ‘சேவ்டு கேம்ஸ்’ என்ற இன்னோர் இடத்துக்கு. யூனிட்டி என்ற கருவியால் செய்த கேம்கள் சில, விண்டோஸின் ரிஜிஸ்ட்ரி என்ற உள்குறிப்பேட்டில் தகவலை எழுதிவிடுகின்றன. அங்கே நகலெடுக்கக் கண்ணில் படும் கோப்பே இல்லை. பழைய கேம்கள் பல, தம்மை நிறுவிய ஃபோல்டருக்குள்ளேயே பதிவை வைத்துக்கொள்ளும். இவற்றில் ஆப்டேட்டா, விண்டோஸ் தானாகவே மறைத்து வைத்திருக்கும் ஃபோல்டர். தேடிப் போகிறவர் கண்ணிலும் அது சட்டென்று படாது. டாக்குமெண்ட்ஸை மட்டும் நகலெடுத்துக் கொடுத்த கடைக்காரரால் ஸ்கைரிம் பிழைத்தது, ஸ்டார்டியூ வேலி அழிந்தது என்றால், அதில் ஆடியவரின் கவனத்துக்கோ கவனக்குறைவுக்கோ இடமே இல்லை. பிழைத்ததும் அழிந்ததும் வெறும் தற்செயல்.

முன்பு நிலைமை இப்படி இல்லை. வீட்டு விளையாட்டுக் கருவிகளின் தொடக்க காலத்தில், விட்ட இடத்துக்குத் திரும்ப நீண்ட கடவுச்சொல்லை நோட்டில் எழுதிவைத்து மறுபடி அடிக்க வேண்டியிருந்தது. நிண்டெண்டோவின் ‘தி லெஜண்ட் ஆஃப் ஜெல்டா’ 1987-இல் அமெரிக்காவுக்கு வந்தபோது, அதன் கேசட்டுக்குள்ளேயே ஒரு சின்ன பேட்டரியை வைத்து, ஆட்டப்பதிவு அழியாமல் பார்த்துக்கொண்டார்கள். நாணயம் போன்ற அந்த பேட்டரிக்கும் ஆயுள் உண்டு. பல ஆண்டுகள் கழித்து அது தீர்ந்தால் பதிவும் போகும். ஆனாலும், பதிவு எங்கே இருக்கிறது என்று யாரும் தேட வேண்டியிருக்கவில்லை. கேசட் கையில் இருந்தால் பதிவும் கையில் இருந்தது. நண்பன் வீட்டுக்குக் கொண்டுபோனால் அதுவும் கூடவே போனது. காக்கும் பொறுப்பையும் அதற்கான செலவையும் தயாரித்தவர் ஏற்றுக்கொண்டிருந்தார். தனிக்கணினி உலகம் அந்தப் பொறுப்பைக் கைவிட்டது. கேம் ஓரிடத்திலும் பதிவு கண்ணுக்குத் தெரியாத வேறோரிடத்திலும் இருக்கும் நிலையை உருவாக்கி, இரண்டுக்கும் நடுவிலிருந்த கயிற்றைக் காட்டாமலே விட்டுவிட்டது.

தீர்வு யாருக்கும் தோன்றாமலும் போகவில்லை. 2007-இல் பொதுவிற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில், ‘சேவ்டு கேம்ஸ்’ என்ற பெயரில் ஆட்டப்பதிவுகளுக்கென்றே தனி ஃபோல்டரை மைக்ரோசாஃப்ட் வைத்தது. போட்டோவுக்குப் பிக்சர்ஸ், பாட்டுக்கு மியூசிக் என்பதுபோல விளையாட்டுக்கு அது. இன்றைய விண்டோஸ் 11-லும் அந்த ஃபோல்டர் இருக்கிறது. பலருடைய கணினியில் அது காலியாகவோ ஒன்றிரண்டு கேம்களோடோ கிடக்கிறது. காரணம், அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அதே விஸ்டாவில், கேம்கள் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டருக்குள் இஷ்டம்போல எழுதுவதைப் பாதுகாப்புக்காகத் தடுத்தார்கள். பழைய கேம்கள் நின்றுபோகாமல் இருக்க, அவை எழுதுவதை ‘விர்ச்சுவல்ஸ்டோர்’ என்ற மறைவான இடத்துக்குத் திருப்பிவிட்டார்கள். பாதுகாப்புக்கான விதியைக் கட்டாயமாக்கிய நிறுவனம், பயனரின் உடைமைக்கான விதியை விருப்பத்துக்கு விட்டது. கிட்டத்தட்ட இருபது ஆண்டு அனுபவம் காட்டும் பாடம் இதுதான்: பொது இடத்தைக் காட்டிவிட்டு விருப்பத்துக்கு விட்டால் ஒழுங்கு வராது.

இந்தக் கோப்புகளின் மதிப்பைத் தொழில்துறை உணராமல் இருந்தபோது, குற்றவாளிகள் துல்லியமாக உணர்ந்திருந்தார்கள். 2015-இல் பரவிய ‘டெஸ்லாகிரிப்ட்’ என்ற பணயத் தீநிரல், கணினியில் இருக்கும் ஆவணங்களோடு சுமார் 40 கேம்களின் பதிவுகளையும் மற்றக் கோப்புகளையும் தேடிப்பிடித்துப் பூட்டியது. ‘மைன்கிராஃப்ட்’, ‘கால் ஆஃப் டூட்டி’, ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. திறக்க வேண்டுமானால் பிட்காயினில் பணம் கட்டு என்றது. 2016 மே மாதம் அதை உருவாக்கியவர்களே பூட்டைத் திறக்கும் தலைமைச் சாவியை வெளியிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். ஆட்டப்பதிவுக்காக மக்கள் பணம் கொடுப்பார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் அந்தப் பட்டியலைத் தயாரித்தார்கள். இதற்குப் பக்கத்தில் இன்னொரு நிகழ்வை வைத்துப் பார்க்கலாம். 2018 அக்டோபரில் வெளியிட்ட ஒரு விண்டோஸ் 10 புதுப்பிப்பு, சிலருடைய டாக்குமெண்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களில் இருந்தவற்றை அழித்துவிட்டது. பாதிக்கப்பட்டவர்கள் மிகக் குறைவு. ஆனாலும், மைக்ரோசாஃப்ட் சில நாளிலேயே விநியோகத்தை முழுவதுமாக நிறுத்திக் கோளாறைச் சரிசெய்து, நவம்பரில்தான் மறுபடி வெளியிட்டது. அது சரியான செயல்; பயனரின் ஆவணம் தொடக்கூடாத பொருள் என்ற கொள்கை அதற்குள் இருக்கிறது. அந்தக் கொள்கையின் வேலிக்குள் ஆட்டப்பதிவையும் சேர்க்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

முதலில் வரக்கூடிய மறுப்பு, ‘விளையாட்டுதானே, மறுபடி ஆடினால் போகிறது’ என்பது. பெற்றோர் பலரும் மனதாரச் சொல்வது இது. இதற்கு மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். ஒரு பொருளின் மதிப்பை, அதில் உழைப்பைப் போடாதவர் அளக்க முடியாது. தையல் பழகுகிற பெண்ணின் பாதிப் பூவேலையை யாராவது தூக்கி எறிந்தால், ‘மறுபடி தைத்துக்கொள்’ என்று சொல்லமாட்டோம். மைன்கிராஃப்டில் அண்ணனும் தங்கையுமாக ஒரு கோடை விடுமுறை முழுக்கக் கட்டிய ஊர், அந்த விடுமுறையின் ஒரே நினைவுச்சின்னமாக இருக்கக்கூடும். அதே விடுமுறை மறுபடி வராது. வீடியோ கேமையே வெற்றுப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கும் காலமும் கடந்துவிட்டது. கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையை இட்லி, பிரியாணிச் சமையல் வழியே சொல்லும் ‘வெண்பா’ என்ற கேம் 2023-இல் வெளியாகி, அடுத்த ஆண்டே பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுகப் படைப்பாகத் தேர்வானது. படைப்பு என்று நாம் ஒப்புக்கொண்ட ஒன்றுக்குள் மனிதர்கள் செலவழித்த நாட்களுக்கு மட்டும் மதிப்பில்லை என்று சொல்வது பொருந்தாது. மறுபடி ஆடுவது ஆடுகிறவரின் விருப்பமாக இருக்கட்டும்; கணினி அவர் மீது சுமத்தும் தண்டனையாக இருக்கக் கூடாது.

இரண்டாவது மறுப்பு கனமானது: ‘இப்போதுதான் எல்லாம் கிளவுடில் இருக்கிறதே.’ ஸ்டீம் 2008-லேயே கிளவுட் சேமிப்பைத் தொடங்கிவிட்டது. அதனால் எத்தனையோ பதிவுகள் பிழைத்திருக்கின்றன. அந்த நன்மையை மறுக்கவில்லை. ஆனால், ஸ்டீமில் விற்கும் கேம் அதைப் பயன்படுத்துவதா வேண்டாமா என்பது தயாரிப்பாளரின் விருப்பம்; பயன்படுத்தாத கேம்கள் நிறைய உண்டு. வேறு கருவிகளில் நிலைமை இன்னும் கடினம். பிளேஸ்டேஷனிலும் நிண்டெண்டோ ஸ்விட்ச்சிலும் கிளவுட் சேமிப்பு வேண்டுமானால் சந்தா கட்ட வேண்டும். ஸ்விட்ச்சில் சந்தா கட்டினாலும் ‘ஸ்பிளாட்டூன் 2’ போன்ற சில கேம்களுக்கு அது கிடையாது. எக்ஸ்பாக்ஸ் இதைச் சந்தா இல்லாமலே தருகிறது என்பதால், இலவசமாகத் தருவது முடியாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் ஊரில், கடைசி ஆட்டம் மேலே ஏறியதா இல்லையா என்பது ஃபார்மட் போடும் நாளில் யாருக்கும் தெரியாது. வாங்கிய கடை ஒன்று, கேம் வேறு, கிளவுட் வேறு என்று பிரிந்து கிடக்கும் வீட்டில், ‘எல்லாம் மேலே இருக்கிறது’ என்ற நம்பிக்கைதான் நகலெடுக்க விடாமல் தடுக்கிறது.

கிளவுட் சரியாக வேலை செய்யும் இடத்திலும் ஒரு கண்ணி உண்டு. புது விண்டோஸ் ஏற்றியதும் அவசரமாகக் கேமைத் திறந்து, ஒத்திசைவு முடியும் முன்பே ஐந்து நிமிடம் ஆடிவிட்டால், கணினியில் ஒரு புதுப் பதிவு உருவாகிவிடும். அடுத்த முறை ஸ்டீம் இரண்டையும் பார்த்துத் திகைத்து, கணினியில் இருப்பதை வைத்துக்கொள்ளவா, கிளவுடில் இருப்பதை வைத்துக்கொள்ளவா என்று கேட்கும். இரண்டுக்கும் பக்கத்தில் தேதி மட்டும் இருக்கும். ‘புதியதுதானே நல்லது’ என்று அண்மைத் தேதியைத் தொட்டால், ஐந்து நிமிட ஆட்டம் நூறு மணி நேர ஆட்டத்தை மேலே போய் அழித்துவிடும். இங்கே காக்க வேண்டியது பழைய தேதியுள்ள பதிவு. எத்தனை பேருக்கு இது தெரியும்? கிளவுடைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அது வேறொருவர் வீட்டு அலமாரி. கூகுளின் ஸ்டேடியா என்ற விளையாட்டுச் சேவை 2023 ஜனவரி 18-இல் மூடப்பட்டபோது, வாங்கிய கேம்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. நிறுவனம் கண்ணியமாகவே நடந்துகொண்டது. சில கேம்களின் பதிவுகளை வேறிடத்துக்கு எடுத்துப்போகவும் வழி பிறந்தது. வழி பிறக்காத கேம்களில், ஆடிய நாட்களுக்கு எந்த ரசீதும் இல்லை. விலைப்பட்டியலில் இருப்பதைத் திருப்பித் தர முடிந்தது; விலைப்பட்டியலில் இல்லாத பொருள் கணக்கிலேயே வரவில்லை.

மூன்றாவது மறுப்பு, ‘அவரவர் பொருளை அவரவர்தான் பத்திரப்படுத்த வேண்டும்’ என்பது. இதில் பாதி உண்மை. நிறுவனங்கள் திருந்தும்வரை ஃபார்மட் காத்திருக்காது என்பதால், அந்தப் பாதியை இன்றே செய்ய வேண்டும். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் என்று பொறுக்கி எடுப்பதை விட்டுவிட்டு, சி டிரைவில் ‘யூசர்ஸ்’ என்பதற்குள் தன் பெயரில் இருக்கும் ஃபோல்டர் முழுவதையும், மறைந்திருப்பவை கண்ணில் படும்படி அமைப்பை மாற்றிக்கொண்டு, வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுக்க வேண்டும். டாக்குமெண்ட்ஸ், ஆப்டேட்டா, சேவ்டு கேம்ஸ் எல்லாமே அதற்குள் அடங்கும். பழைய கேம் இருந்தால் அதை நிறுவிய ஃபோல்டரையும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்டீம் சி டிரைவில் இருந்தால் அதற்குள் ‘யூசர்டேட்டா’ என்ற ஃபோல்டரை விடக் கூடாது. ‘லூடுசாவி’ என்ற இலவசத் திறமூலக் கருவி, கணினியில் உள்ள கேம்களின் பதிவுகளைத் தானே தேடி ஓரிடத்தில் சேர்த்துத் தரும். ரிஜிஸ்ட்ரியில் இருப்பதையும் எடுக்கும். புது விண்டோஸ் ஏறிய பிறகு ஒவ்வொரு கேமையும் திறந்து பழைய ஆட்டம் வருகிறதா என்று பார்க்கும்வரை அந்த நகலை அழிக்கக் கூடாது. கடைக்காரர்களும் தங்கள் கேள்வியோடு இன்னொன்றைச் சேர்க்கலாம்: “வீட்டுல யாராவது கேம் ஆடுவாங்களா?” ஆனால், மறுபாதியை மறந்துவிடக் கூடாது. பூட்டிய பெட்டியைத் தெரியாத அறையில் வைத்துவிட்டு, ‘உன் பொருளை நீதான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்’ என்று சொல்வது நியாயமாகாது. பொறுப்பு கேட்கும் முன்னால் இருப்பிடம் சொல்ல வேண்டும்.

செய்கிறவர்கள் தரப்பிலும் சில கேள்விகள் வரும். பதிவை எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வைத்தால் திருத்தி ஏமாற்றுவார்களே என்பது ஒன்று. பலர் சேர்ந்து போட்டியிடும் இணைய விளையாட்டுகள் முன்னேற்றத்தைத் தங்கள் சர்வரில் வைத்துக்கொள்கின்றன. அங்கே இந்தக் கவலைக்கு இடமில்லை. தனியாக ஆடும் கேமில் ஒருவர் தன் பண்ணைக்குத் தானே ஆயிரம் காசு கூட்டிக்கொண்டால் பாதிக்கப்படுவோர் யாரும் இல்லை. ஆயிரக்கணக்கான பழைய கேம்களை இனி எப்படி மாற்றுவது என்பது இன்னொன்று. மாற்ற வேண்டியதில்லை, அவை எங்கே வைக்கின்றன என்பது தெரிந்தால் போதும். அந்தத் தகவலைத் தன்னார்வலர்கள் 2012 முதல் ‘பிசி கேமிங் விக்கி’ என்ற தளத்தில் ஒவ்வொரு கேமுக்கும் எழுதிவருகிறார்கள். லூடுசாவி அந்தத் தகவலை வைத்தே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கேம்களின் பதிவுகளை இனங்காண்கிறது. சம்பளம் வாங்காதவர்கள் ஓய்வு நேரத்தில் வரைந்துவிட்ட வரைபடத்தைப் பெரிய நிறுவனங்களால் வரைய முடியாது என்பதை ஏற்க முடியாது. இயங்குதளத்தையும் பயனரின் பொருளையும் பிரித்துவைப்பதும் புதிய யோசனை கிடையாது. லினக்ஸில் பயனரின் ‘ஹோம்’ ஃபோல்டரைத் தனிப் பகுதியாக வைத்து, அதைத் தொடாமல் இயங்குதளத்தை மட்டும் மாற்றும் பழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பீரோவைக் கொளுத்த வேண்டியதில்லை என்று அங்கே எப்போதோ முடிவாகிவிட்டது.

எனவே, கேட்பது மூன்றுதான். முதலாவது, கேம் விற்கும் கடைகள் தங்களிடம் வரும் ஒவ்வொரு புதுக் கேமுக்கும் ஒரு நிபந்தனை வைக்க வேண்டும்: பதிவை இயங்குதளம் குறித்த பொது இடத்தில் வை, முடியாவிட்டால் எங்கே வைக்கிறாய் என்பதை விற்பனைப் பக்கத்திலேயே எழுது. எவ்வளவு நினைவகம் வேண்டும், எவ்வளவு இடம் வேண்டும் என்று எழுதும் பட்டியலில் கூடுதலாக ஒரு வரி அவ்வளவுதான். இரண்டாவது, இயங்குதளம் தன்னை அழித்துப் புதிதாக ஏற்றும் முன், கணினியில் உள்ள ஆட்டப்பதிவுகளை எண்ணிக் காட்டி, இவற்றை எங்கே வைக்கட்டும் என்று கேட்க வேண்டும். ‘என் கோப்புகளை வைத்துக்கொள்’ என்று ஒரு வாய்ப்பை விண்டோஸின் ரீசெட் வசதி இப்போதே தருகிறது. அந்த ‘என்’ என்பதன் பொருளை ஆட்டப்பதிவுவரை விரிக்க வேண்டும். மூன்றாவது, கிளவுடில் இருக்கும் பதிவைச் சொந்தக்காரர் எப்போது கேட்டாலும் கோப்பாக இறக்கித் தர வேண்டும். ஸ்டீம் தன் வலைப்பக்கத்தில் இதற்கு வழி வைத்திருக்கிறது, மற்றவர்களும் வைக்கலாம். தன்னைப் பற்றிய தகவலை ஒரு நிறுவனத்திடமிருந்து எடுத்து வேறிடத்துக்குக் கொண்டுபோகும் உரிமையை ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 முதல் நடைமுறையில் தருகிறது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த உரிமை இடம்பெறவில்லை. சட்டம் திருத்தப்படும் நாளில் இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இவை எல்லாமே செலவு குறைந்த காரியங்கள். புதிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். சில மெகாபைட் கோப்பை மரியாதையாக நடத்தும் மனம் வேண்டும். 150 ஜிபி மூட்டையைப் புதுக் கணினியில் அடையாளம் கண்டுகொள்ளும் திறமை கடைகளுக்கு இருக்கிறது. அந்த மூட்டையை ஆடி உயிர்ப்பித்தவரின் சின்னக் கோப்பை அடையாளம் காணும் திறமை அவற்றுக்கு இல்லாமல் இருக்க முடியாது. “சி டிரைவ்ல ஏதாவது வேணுமா?” என்ற கேள்வி நல்ல கேள்வி, நம் ஊர்க் கடைக்காரர்கள் பல ஆண்டுகளாக அக்கறையோடு கேட்டுவருவது. அது ஆள் மாறிக் கேட்கப்படுகிறது என்பதுதான் சிக்கல். சி டிரைவில் என்ன இருக்கிறது என்று எதிரே நிற்கும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ தெரியாது. வீட்டில் காத்திருக்கும் பிள்ளைக்கும் தெரியாது. தெரிந்திருப்பது மேசைமேல் இருக்கும் கணினிக்கு மட்டும்தான். கேள்வியை அதனிடம் கேட்டால் அது பதில் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும்படி அதைச் செய்வது, அதைச் செய்து விற்கிறவர்களின் கடமை.